தண்ணீர் டேங்கின் வலது விளிம்பு

பழைய கேமரா சேர்ப்பவனுக்கு வீட்டில் மரியாதை கிடையாது. தபால்தலை சேர்ப்பவனைக்கூட விட்டுவிடுவார்கள், அது ஆல்பத்துக்குள் அடங்கிவிடும். நாணயம் சேர்ப்பவனிடம் என்றைக்காவது விலை போகும் என்ற நம்பிக்கை இருக்கும். கேமரா சேர்ப்பவனிடம் ஒரு நியாயமான எதிர்பார்ப்பு உண்டு, ஒரு படமாவது எடுத்துக் கொடுப்பான் என்று. அவன் எடுக்கமாட்டான். கழற்றுவான், துடைப்பான், திரும்ப மாட்டும்போது ஒரு திருகு குறையும், அதைத் தேடிக் கட்டிலுக்கடியில் தவழ்வான். இதற்குள் வீட்டிலுள்ள மற்றவர்கள் போனிலேயே படம் எடுத்து, அனுப்பி, மறந்தும் போயிருப்பார்கள்.

நான் சேர்ப்பது அதிலும் ஒரு தனி ரகம். இரண்டாம் உலகப்போர் நடந்த சமயத்தில் செய்யப்பட்ட ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள். (எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் அவற்றுக்குச் செய்ததெல்லாம் தெரிந்தால் அந்தக் கம்பெனிக்காரர்கள் மனம் உடைந்துபோவார்கள்.) என் அம்மா இவற்றுக்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தாள். "டேய் குமரேசா, அந்த செத்த கேமரா பொட்டிய கொஞ்சம் நவுத்து, பெருக்கணும்" என்பாள். நைனாவுக்கு (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தப் பெயர்கூடத் தெரியாது. அவர் 'அது' என்றுதான் சொல்வார்.

கதைக்குக் காரணமான கேமரா ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியிலிருந்து கிடைத்தது. அங்கே பல வருடமாகத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெரியவர் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். பற்றற்ற நிலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். பற்றை விட்டவர் விலையை விடவில்லை, அது வேறு விஷயம். அவருடைய தாத்தா போர்முனைக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன கேமராவாம். சாம்பல் நிறப் பெயிண்ட், ஓரங்களில் உதிர்ந்து பித்தளை தெரிந்தது. நான் அதைத் துண்டில் சுற்றி, மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். பக்கத்து சீட்டிலிருந்த ஒரு அம்மாள் "என்னா கொழந்தை?" என்று கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்தக் கேமராவுக்கு ஒரே ஒரு கோளாறுதான். அதைச் சொல்ல, ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லவேண்டும். (இந்த இடத்தில்தான் என் நண்பர்கள் வழக்கமாக எழுந்து போவார்கள். நீங்கள் இருங்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.) கேமராவின் முன்பக்கம் இரண்டு சின்ன ஜன்னல்கள் இருக்கும். இரண்டு ஜன்னலிலிருந்தும் வரும் காட்சியை உள்ளேயிருக்கும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் இரண்டும் நெருங்கி வரும். ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி. லென்ஸைக் கடைசித் தூரத்தில் வைத்தால், கண்ணுக்கெட்டிய தூரத்திலிருக்கும் பொருள் ஒன்றாகத் தெரியவேண்டும். என் கேமராவில் எல்லாமே இரண்டாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ய உள்ளே ஒரு திருகு உண்டு. தூரத்தில் நேரான விளிம்புள்ள பொருள் ஒன்றைப் பார்த்துக்கொண்டே அந்தத் திருகை ஒரு மயிரிழை திருப்பவேண்டும், அவ்வளவுதான்.

தூரத்துப் பொருளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் மலை, அதன் ஓரமாகக் கோபுரம். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து, ரூம் போட்டு, காத்திருந்து பார்க்கிறார்கள். எனக்கு இரண்டும் உதவவில்லை. மலையில் நேர்க்கோடே இல்லை. கோபுரத்தில் ஒரு பொம்மைக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பொம்மை. இரண்டு பிம்பம் ஒன்றாகிவிட்டதா, அல்லது இது பக்கத்துப் பொம்மையா என்று அதைச் செய்த ஸ்தபதி வந்தாலும் சொல்லமுடியாது. செல்போன் டவரோ கம்பிக்குள் கம்பி. கடைசியில், மலைக்கும் கோபுரத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே திரும்பினேன். நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டின் மேல் கருப்புத் தண்ணீர் டேங்க் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வெளிர் வானத்துக்கு எதிரே, உளி வைத்துச் செதுக்கினது மாதிரி நேரான இரண்டு விளிம்புகள். மூடி பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்ததும் முக்காலியில் கேமராவை மாட்டி அந்த டேங்கைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. வேங்கிக்காலில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலை. அங்கே பகலெல்லாம் கையெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன், சாயங்காலம் டேங்க் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். திருகைத் திருப்பத் திருப்ப டேங்குகள் நெருங்கி வந்தன. ஒன்றாகப்போகிற நேரத்தில் ஒரு புதுத் தொல்லை முளைத்தது. டேங்கின் வலது விளிம்பில் மட்டும் லேசாக ஒரு புகைமூட்டம். விளிம்பு கரைந்து போகும், கொஞ்ச நேரத்தில் தானே தெளியும்.

அனுபவமுள்ளவன் உடனே கண்டுபிடித்துவிடுவான். நானும் கண்டுபிடித்தேன். உள்ளேயிருக்கும் கண்ணாடித் துண்டில் ஈரம் படிகிறது. எண்பது வருடத்துக் கண்ணாடி, சாயங்காலக் குளிர்ச்சி, பனிக்கிறது. மேல்மூடியைக் கழற்றி ஊதினேன். வெயிலில் வைத்தேன். அரிசி டப்பாவுக்குள் ஒரு ராத்திரி புதைத்து வைத்தேன். (மறுநாள் அம்மா உலைக்கு அரிசி எடுக்கும்போது போட்ட சத்தத்தை இங்கே எழுதமுடியாது.) எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு நாள், காலையிலும் புகை, சாயங்காலமும் புகை. பொறுமை போய்ப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்தக் கண்ணாடியை ஒரே இழுப்பாகத் துடைத்தேன். அதன்மேல் பாதி ரசம் பூசியிருக்கும், தொடவே கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ரசம் முழுதும் பஞ்சோடு வந்துவிட்டது. ஒரு உலகப்போர் முழுக்க நடந்து முடிந்து, அதிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் வந்த கண்ணாடி அது. கார் ஜன்னலுக்கு ஒட்டுகிற சன் ஃபிலிமில் ஒரு நகத்தளவு வெட்டி அதன் இடத்தில் ஒட்டினேன். பார்க்கச் சுமாராக இருந்தது. புகை அப்படியேதான் இருந்தது.

இந்த நிலையில்தான் என் தங்கை மலரைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மலர் போளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்த வரன்களையெல்லாம் வழியும் விடையுமாகத் தப்பென்று நிரூபித்து அனுப்பியவள். இந்த வரனைக் கொண்டுவந்தவர் அன்வர் பாய். தேரடிப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கேதான். எங்கள் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் கண்ணாடி போடுபவர் அவர்தான். "ரெண்டு வீட்டுப் பவரும் எனக்குத் தெரியும். ஒத்துப்போகும்" என்றார். மாப்பிள்ளை பெயர் பிரபு. போட்டோவை நீட்டியதும் மலர் சுவரைப் பார்த்துக்கொண்டு "உங்க இஷ்டம் நைனா" என்று சொன்னாள். அவள் வாயிலிருந்து 'உங்க இஷ்டம்' என்ற சொல் அதற்கு முன் வந்ததே இல்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். போளூர் பஸ்ஸில் தினமும் அவனும் வருகிறானாம். ஒரு வார்த்தை பேசினதில்லையாம். ஆனால் மழை நாளில் ஒழுகுகிற ஜன்னல் பக்கம் அவன் போய் உட்கார்ந்துகொள்வானாம்.

"அண்ணா, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. அன்னைக்கு நீ வாயத் தொறக்காத" என்றாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. முந்தின வரனின் தாய்மாமனுக்கு நான் கேமரா ஷட்டரின் துணி எப்படி ஓடுகிறது என்று விளக்கினேன். அவர்கள் காபிக்குக்கூட நிற்கவில்லை. எனவே நான் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவில்லையே தவிர, மனதார ஒப்புக்கொண்டேன்.

வந்தார்கள். மாப்பிள்ளை பிரபு, அவன் அப்பா ஏகாம்பரம், அம்மா சரோஜா, கூட அன்வர் பாய். ஏகாம்பரம் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, நடையிலேயே ஒரு அதிகாரம். கூடத்துக்குள் கால் வைத்ததும் அது போய்விட்டது. டி.வி.க்குப் பக்கத்தில் முக்காலியோடு கேமரா நின்றுகொண்டிருந்தது. அம்மா அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி மறைத்திருந்தாள். மின்விசிறியைப் போட்டதும் துண்டு நழுவி விழுந்தது. ஏகாம்பரம் கேமராவைப் பார்த்தார். அப்புறம் மாடிப்படியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

சரோஜா அம்மாள் அவருக்கு நேர் எதிர். வெளிப்படையான மனுஷி. உட்கார்ந்ததும் வீட்டு வரலாற்றைத் தொடங்கினார். "எங்க வீட்ல கெட்ட பழக்கம்னு எதுவும் கெடையாதுங்க. எம் புள்ளைக்கு டீ கூட ஒரு வேளைதான். இவரு முன்ன சிகரெட்டு புடிச்சினு இருந்தாரு. ரெண்டு வருஷம் முன்ன நெஞ்சுவலி வந்துது. டாக்டரு ஒரே வார்த்தை சொன்னாரு. நான் இவரக் கூட்டினு போயி கிரிவலம் சுத்தி, சூடம் அணைச்சி சத்தியம் வாங்கிட்டேன். அன்னையிலிருந்து தொட்றதில்ல."

"தொட்றதில்ல" என்றார் ஏகாம்பரம், தண்ணீர் டம்ளருக்குள்.

"ஆமாங்க, எனக்கும் எந்தப் பழக்கமும் கெடையாது" என்றான் பிரபு, யாரும் கேட்காமலே.

நான் வாயைத் திறக்கவில்லை. கேசரித் தட்டை நீட்டினேன், சிரித்தேன், திரும்பிப்போய்ச் சுவரோரம் நின்றேன். மலர் சமையலறைக் கதவிடுக்கிலிருந்து என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏகாம்பரம்தான் தாங்கமுடியாமல் கேட்டார்.

"தம்பி... மாடில... சாயங்காலம்... அது நீங்கதானா?"

ஒரு பெரியவர் நேருக்கு நேராகக் கேட்கும்போது பதில் சொல்லாமலிருப்பது மரியாதையில்லை. மேலும், என் வாழ்நாளில் யாரும் தானாக வந்து என் கேமராவைப் பற்றிக் கேட்டதில்லை.

"நான்தாங்க" என்றேன்.

"தெனமுமா?"

"தெனமும். ஒரு நாள் கூட விடறதில்லைங்க. உங்க வீடு அந்தாண்ட, மாடி வீடுதானே? கருப்பு டேங்கு, மூடி மேல செங்கல்லு?" அவர் தலையாட்டினார். "அடடா, அது உங்க வீடுதானா! அதத்தாங்க பாத்துனு இருக்கேன்."

"எவ்ளோ நாளா?"

"சித்திரையிலிருந்து."

அவர் மேல்துண்டால் நெற்றியைத் துடைத்தார். விபூதி பாதி போய்விட்டது. நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

"இதுல... நல்லா தெரியுமா?"

"இப்ப சுமாராத்தாங்க தெரியுது. இன்னும் ஒரே ஒரு திருகு. அத மட்டும் திருப்பிட்டேன்னா அந்தத் தூரத்துல ஆளு நின்னா மொகம்கூடத் தெளிவா விழும்."

"ஃபிலிமு போட்டாச்சா?"

"இல்லைங்க. நல்ல நாள் பாத்துப் போடணும். கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுட்டேன்னா, எடுத்ததை அன்னைக்கு எல்லாருக்கும் காட்டலாம்."

ஏகாம்பரம் நைனா பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களுக்குச் சம்மதங்க. நகை, சீர், ஒண்ணும் வேணாம். பொண்ணு மட்டும் போதும். முகூர்த்தம் நீங்களே பாருங்க."

பெண் இன்னும் வெளியிலேயே வரவில்லை. நைனா அன்வர் பாயைப் பார்த்தார். அன்வர் பாய் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு ஏகாம்பரத்தைப் பார்த்தார். எனக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. கேமராவின் அருமை தெரிந்த ஒரு மனிதரை இந்த ஊரில் முதல்முறையாகச் சந்தித்திருக்கிறேன். அந்தப் பெருமையில் கதவிடுக்கில் மலர் காட்டிய சைகை என் கண்ணில் படவில்லை. (அவள் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாளாம். பிற்பாடு சொன்னாள்.)

சரோஜா அம்மாளுக்கும் சந்தோஷம். கணவர் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சம்மதித்துப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் என்னிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசினார். "இவ்ளோ பழைய சாமான வச்சினு எப்பிடிப்பா கஷ்டப்பட்ற?"

"ஒரே ஒரு கஷ்டம்தாம்மா" என்றேன். "சாயங்காலம் ஆனா கண்ணாடியில புகை வந்துடுது."

"புகையா?"

"உங்க டேங்கோட வலது ஓரத்துல மட்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். அப்புறம் தானாப் போயிடும். ஆடி மாசம் மேக்கத்திக் காத்து அடிச்சிது பாருங்க, அப்ப மட்டும் இடது ஓரத்துல வந்துது. எனக்கு ஒண்ணுமே புரியல."

சரோஜா அம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "தெனமும் வருதா?"

"வெள்ளிக்கெழம வராதும்மா."

"வெள்ளிக்கெழம நாங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போவோம்."

"பௌர்ணமி அன்னைக்கும் வராது."

"கிரிவலம் போவோம்."

இப்படி விவரமாகக் கேட்டுக்கொள்கிற ஒருவர் கிடைத்தால் எந்த மெக்கானிக்குக்குத்தான் உற்சாகம் வராது? ஏகாம்பரம் இருமினார். நான் அவருக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சரோஜா அம்மாள் பக்கம் திரும்பினேன்.

"போன மாசம் நான் எங்க அக்கா வீட்டுக்கு ஆரணிக்குப் போயிருந்தேன். அமாவாசைக்கு மறுநாளு போனேன். அப்ப எப்பிடி இருந்துது?" என்று கேட்டார் சரோஜா அம்மாள். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"அமாவாசைக்கு மறுநாளா? அந்த வாரம் ரொம்ப ஜாஸ்திம்மா! காலையிலயும் புகை, சாயங்காலமும் புகை. டேங்கே தெரியல. அன்னைக்குத்தான் நான் பொறுமை போயி கண்ணாடியத் தொடச்சி, ரசத்தையெல்லாம் அழிச்சிட்டேன். எண்பது வருஷத்துக் கண்ணாடிம்மா!"

அன்வர் பாய் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. நைனா என்னைப் பார்த்த பார்வையில் 'அது' என்ற சொல் எனக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தது. என் வாய் ஓய்ந்த பிறகுதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. டேங்கு. அதன் பின்னால் ஒரு ஆள் நிற்கலாம். கிழக்குக் காற்றடித்தால் வலது ஓரம். மேற்கத்திக் காற்றடித்தால் இடது ஓரம். கண்ணாடி முதல் நாளிலிருந்து சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது.

"கெளம்பலாம்" என்றார் சரோஜா அம்மாள்.

அவர் எழுந்தார். ஏகாம்பரம் எழுந்தார். பிரபு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. சமையலறை வாசலில் மலர் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள், தலை நிறையப் பூ, பட்டுப்புடவை. அவள் என்னைத் திட்டவில்லை. தட்டிலிருந்த டம்ளர்களை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். மழை நாளில் ஒழுகுகிற ஜன்னல் பக்கம் போய் உட்காருகிறவன் வாசல் தாண்டிக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் அந்தக் கேமராவைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன், எங்கள் வீட்டில் கிணறு இல்லை.

சரோஜா அம்மாள் வாசற்படியில் நின்று திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. மலரைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்கண்ணன் பொய் சொல்லுமா?"

மலர் ஒரு கணம் யோசித்தாள். கணக்கு டீச்சர், விடையைச் சரிபார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

"சொல்லத் தெரிஞ்சா இந்நேரம் சொல்லியிருக்கும் அத்தை" என்றாள்.

அத்தை என்ற சொல் அவளையறியாமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முகம் சிவந்து குனிந்துகொண்டாள். சரோஜா அம்மாள் அவளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"ரெண்டு வருஷமா என் வீட்ல எனக்குத் தெரியாதத, நாலு தெரு தள்ளி இருந்துனு ஒரு புள்ள பாத்து சொல்லுது" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். "பொய் சொல்லத் தெரியாத வீட்டுப் பொண்ணுதான் எனக்கு வேணும். அந்தக் காபி ஆறியிருக்கும்மா. வேற போட்டு எடுத்துனு வா."

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். வரும் வழியில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அப்ப நீங்க என்ன மெரட்டவே இல்லியா?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சரோஜா அம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கேமரா அந்த மாடியிலேயே, அந்தப் பக்கமே பார்த்தபடி இருக்கவேண்டும். தாலி கட்டி முடிந்து, எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்கும்போது மேடையிலிருந்தே அவர் என்னைப் பார்த்து, "தம்பி, கண்ணாடி எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைத்து ஐயர் ஒரு நிமிஷம் மந்திரத்தை நிறுத்தினார்.

அதிலிருந்து அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது வசனமாகிவிட்டது. யாராவது குளியலறையில் அதிக நேரம் இருந்தால், சர்க்கரை இருப்பவர் ஸ்வீட் கடைப் பக்கம் போய் வந்தால், நைனா கோயிலுக்கென்று கிளம்பிச் சீட்டாட்டத்துக்குப் போய் வந்தால், "கண்ணாடி எப்பிடி இருக்கு?" என்பார்கள். பிற்பாடு எனக்கும் கல்யாணமாகி வந்த என் மனைவி என்னைக் கேட்பதும் இதையேதான். புதிதாக வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு முதல் காபிக்குள் இந்தக் கதை முழுதும் சொல்லப்படும். அதில் நான் வருகிற இடத்துக்கெல்லாம் அம்மா எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள்.

ஏகாம்பரம் மாமா நிஜமாகவே சிகரெட்டை விட்டுவிட்டார். சூடத்தைக் கண்டு பயப்படாதவர் சன் ஃபிலிமைக் கண்டு பயந்தார். விட்டதும் சாயங்கால வேளை அவருக்குக் கைக்கு அடங்காமல் போயிற்று. அதனால் பொட்டுக்கடலைப் பொட்டலத்தோடு எங்கள் மாடிக்கே வந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவருடைய வீட்டு டேங்கைப் பார்ப்போம். டேங்கு இப்போது ஒன்றாகத் தெரிகிறது, இரண்டு விளிம்பும் சுத்தம். அதைப் பார்க்கும்போது அவருக்கும் பெருமைதான்.

போன மாதம் ஒரு சாயங்காலம். அவர் கேமராவில் குனிந்து பார்த்துவிட்டுப் பொட்டுக்கடலையை மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்க்கச் சொன்னார். டேங்கின் வலது விளிம்பு மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கத்தில்தான் இருந்தார்.

"கெழக்குக் காத்து" என்றார் மாமா, தன் அனுபவத்திலிருந்து. "வலது பக்கந்தான் போவும்."

அவரை விட்டால் அவர் வீட்டில் ஆம்பளை ஒருவன்தான். அந்த நேரத்துக்கென்றே என் போன் அடித்தது. மலர்.

"அண்ணா, அத்தை கேக்கச் சொன்னாங்க. கண்ணாடி எப்பிடி இருக்கு?"

மாமா என் போனைப் பார்த்தார். பிறகு எழுந்து, முக்காலியைப் பிடித்து, கேமராவை அப்படியே பின்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"கண்ணாடியா?" என்றேன். "நாங்க கோபுரத்தப் பாத்துனு இருக்கோம்மா. சாமி கும்பிட்டுனு இருக்கோம்."

என் தங்கைக்கு என்னைத் தெரியும். "அவரு மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்காரு" என்றாள். "எடுத்துனு வரட்டும்." போனை வைத்துவிட்டாள்.

டேங்கைக் கண்டுபிடித்த பிறகு, இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கேமராவில் மறுபடி கோபுரத்தைப் பார்த்தேன். கலசங்கள் இரண்டு வரிசையாக, கொஞ்சம் விலகி நின்றன. மாமாவும் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு ரெண்டாத் தெரியுதேப்பா?"

"இது உங்க வீட்டு டேங்குக்கு மட்டுந்தாங்க மாமா சரியா இருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். இரண்டு பேரும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலு தெரு தள்ளி ஏதோ ஒரு மாடிக் கதவு படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.